சாவ்குங்: திறையா, கையுறையா?

வைட்ஃபீல்டில் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் நம் தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் சீனமொழி படிக்கிறார்கள். அவர்களுக்கு ஷென்ழென் போய்வர வேண்டியிருக்கிறது. நான் அவர்களோடு உட்கார்ந்ததோ ஒரே ஒரு சொல்லுக்காக.

அச்சொல் ‘சாவ்குங்’. ‘சாவ்’ என்பது அரசனை அவையில் சென்று காண்பது. ‘குங்’ அப்போது முன்வைக்கும் பொருள். குங் என்னும் எழுத்தின் அடியில் ஒரு சிப்பி வடிவம் இருக்கும். பழஞ்சீனத்தில் சோழியும் காசாகப் புழங்கியது. ஆகவே பணம், பொருள் பற்றிய எழுத்துகள் பலவற்றில் இந்தச் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. (இதைத் தெரிந்துகொண்டால் எழுத்து மனசில் நிற்கும்.)

சோங் மரபின் வரலாறான ‘சோங் ஷி’, சோழநாட்டிலிருந்து 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூது வந்ததைச் சொல்கிறது. முதல் தூதுக்கு வழியில் 1150 நாள் பிடித்ததாம்! 1033இல் போனது இராசேந்திரன் அனுப்பிய ஆள். பொன்மையில் எழுதிய மடல், முத்துச் சட்டை, முத்துத் தொப்பி, நூறு யானைத் தந்தம் எல்லாம் கொண்டுபோனான். முன்பே பலமுறை சாவ்குங்குக்குக் கிளம்பியும் கடற்காற்றில் கப்பல் உடைந்து வர முடியாமல் போயிற்று என்று அவனே சொன்னதாக எழுதியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல். இச்சொல்லைத் ‘திறை’ என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. திறை தோற்றவன் கட்டுவது. 1025இல் கடாரத்தை அடித்தவன், எட்டே வருஷத்தில் சீனனுக்குத் திறை கட்டினானா? முதற்குலோத்துங்கன் கலிங்கத்தின்மேல் படை அனுப்பியதே திறை வராததால்தான் என்கிறது பரணி. 1077இல் தூது போனது அவன் காலத்தில்தான்!

சீன அவை வழக்கு வேறு. வெளிநாட்டார் அஞ்சி வந்தாலும் சரக்கோடு வந்தாலும், அரசன் முன் பொருள் வைத்தால் எழுத்தர் எழுதுவது பெரும்பாலும் குங் என்றுதான். தூதன் தமிழில் என்ன சொன்னானோ, ஏட்டில் ஏறியது அவர்கள் சொல். பதில் பரிசும் உண்டு: 1077இல் சோழத் தூதர் பெற்றது 81,800 சரம் செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும். இப்படி வாரிக் கொடுத்தால் அதைத் திறை என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

அதே குங் இன்றும் ‘குங்ஷியேன்’ என்ற சொல்லில் வாழ்கிறது. ஒருவர் தம் பங்காகச் செய்யும் நற்பணி என்று பொருள். அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம். சாவ்குங்கை மட்டும் வரலாற்றுப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியோரைக் காணப் போகிறவர் கையில் கொண்டுபோவதற்கு நம்மிடமே ‘கையுறை’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. சாவ்குங்குக்கு அதுதான் பொருந்தும் என்பேன். என்ன, இன்றைக்குக் கையுறை என்றால் நம்ம பிள்ளைங்க கிளவுஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்!