பத்திரிகை பெற்ற பந்தயம்

1911 ஆகஸ்ட் கடைசியில் தோக்கியோ அசாஹி நாளிதழ் ஒரு தொடரை ஆரம்பித்தது. பேஸ்பால் ஆடி ஆடி மாணவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். நாடே மதித்த கல்வியாளர் நிதோபே இனாசோ, எதிராளி அசந்த நேரத்தில் தளத்தைத் திருடச் சொல்லித்தரும் இந்த ஆட்டம் ஜேப்படிக்காரன் ஆட்டம் என்று அதில் சாடினார். படிப்பு போகிறது, பண்பு போகிறது, உடம்பும் கோணிக்கொள்கிறது என்று மூன்று வாரம் ஓடியது அந்தத் தொடர்.

நாலே வருஷம் கழித்து, 1915 ஜூலை 1ஆம் தேதி, அதன் சகோதரப் பத்திரிகையான ஒசாகா அசாஹி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடெங்கும் உள்ள பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் போட்டி நடத்தப்போகிறோம், ஆகஸ்டில் அணிகள் ஒசாகாவுக்கு வந்து சேரவேண்டும் என்றது. இன்று ஜப்பான் முழுவதும் கோடைக்காலத்தில் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கிற கோஷியென் போட்டி பிறந்தது இப்படித்தான்.

மனமாற்றத்துக்குப் பின்னால் ஒரு ரயில் கம்பெனி இருந்தது. கொபயாஷி இச்சிஸோ என்பவர் ஒசாகாவிலிருந்து மலையடிவாரம் வரை மின்ரயில் விட்டிருந்தார். வழியில் வயல்தான் இருந்தது, பயணிகள் இல்லை. ஆகவே பாதையோரம் மனை போட்டு வீடு விற்றார். 1913இல் தொயோனாகாவில் ஒரு விளையாட்டு மைதானமும் அமைத்தார். மைதானம் இருந்தால் போதுமா, கூட்டம் வரவேண்டுமே! ரயில்காரர்கள் பத்திரிகைக்காரர்களிடம் போனார்கள். ஒசாகா அசாஹிக்கோ ஒசாகா மைனிச்சியோடு தீராத விற்பனைப் போட்டி. கோடையில் செய்தி வறளும் காலத்தில் தினமும் எழுத ஒரு விஷயம் கிடைக்கிறதென்றால் எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்? பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் நல்வழிப்படுத்தவே போட்டி என்று பத்திரிகை எழுதியது. அந்த நோக்கமும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று தலைவணங்கும் வழக்கம் அந்த முதல் போட்டியிலேயே வந்துவிட்டது.

அறிவிப்புக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஏழு வாரம்தான் இருந்தது. பல ஊர்களில் தேர்வு ஆட்டம் ஒழுங்காக நடக்கவில்லை. வடகிழக்குப் பகுதியில் அகிதா மாகாணத்தின் மூன்று பள்ளிகள் மட்டும் தங்களுக்குள் மோதி, வென்ற அகிதா பள்ளி அந்தப் பகுதி முழுமைக்கும் பிரதிநிதியாக ரயிலேறியது. அக்கம்பக்கத்து மாகாணங்கள் பிறகு முறையிட்டன, நியாயமான முறையீடுதான். மொத்தம் 73 பள்ளிகள் கலந்துகொண்டு, 10 அணிகள் தொயோனாகா வந்து சேர்ந்தன.

ஆகஸ்ட் 18ஆம் தேதி பத்திரிகையின் அதிபர் முரயாமா ரியோஹெய், பட்டாடையும் மேலங்கியுமாகக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல மைதானத்தில் இறங்கி முதல் பந்தை எறிந்தார். முதல் ஆட்டத்தில் தோத்தோரி பள்ளி ஹிரோஷிமாவை 14-1 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் கியோத்தோ இரண்டாம் பள்ளியும் அகிதாவும் ஒன்பது இன்னிங்ஸில் தீராமல் பதின்மூன்றாவது வரை இழுத்து, 2-1 என்று கியோத்தோ ஜெயித்தது. வென்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசுகளில் பெரிய அகராதியும் கைக்கடிகாரமும் இருந்தன. முதல் சுற்று தாண்டியவர்களுக்குப் பேனா. படிப்பு கெடுகிறது என்று எழுதிய பத்திரிகைக் குடும்பம், ஆட்டத்துக்கு அகராதியைப் பரிசாகக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் எல்லாம் வேகம். தொயோனாகா போதாமல் 1917இல் கடலோரத்து நாருவோவுக்கு மாற்றினார்கள். 1918இல் அணிகள் தயாரான பிறகு அரிசிக் கலவரம் மூண்டு போட்டி நின்றது. 1923இல் அரையிறுதி நடக்கும்போது கூட்டம் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, ஆட்டத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. இனித் தாங்காது என்று ஹான்ஷின் என்ற இன்னொரு ரயில் கம்பெனி நாலைந்து மாதத்தில் ஒரு பெரிய அரங்கைக் கட்டி 1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தது. அதுதான் கோஷியென். இவ்வளவு பெரிய இடம் எப்படி நிறையும் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. போட்டி தொடங்கிய நாலாம் நாளே நிறைந்தது. அதே வருஷம் மைனிச்சியும் சும்மா இருக்காமல் வசந்த காலத்தில் தன் போட்டியைத் தொடங்கியது. வானொலியும் வந்தது. ஜப்பானில் முதன்முதலில் நேரடியாக ஒலிபரப்பான விளையாட்டு 1927 ஆகஸ்ட் 13ஆம் தேதி கோஷியெனில் நடந்த பள்ளி மாணவர் ஆட்டம்தான். வீட்டிலேயே கேட்டுவிட்டால் ரயிலில் யார் வருவார்கள் என்று ரயில் கம்பெனி பயந்தது. கேட்டவர்கள் பார்க்கவும் கிளம்பி வந்தார்கள்.

ஆனால் கோஷியெனில் நடப்பது கதையின் நுனிதான். வேர் ஊர்களில் இருக்கிறது. கோடைப் போட்டியில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் இடம், தோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டு. ஆக 49 அணிகள் என்ற முறை 1978இலிருந்து நிலைத்தது. அந்த ஓர் இடத்துக்காக மாகாணத்தின் எல்லாப் பள்ளிகளும் ஜூன், ஜூலையில் மோதுகின்றன. போட்டி தன்னுடையது என்பதால் அசாஹி அத்தனை ஆட்டங்களுக்கும் போயாக வேண்டும். அசாஹி போனால் உள்ளூர்ப் பத்திரிகை சும்மா இருக்குமா? உள்ளூர்த் தொலைக்காட்சியும் வந்துவிடும்.

ஜப்பானில் பெரிய பத்திரிகையில் சேரும் புதிய நிருபரை முதலில் ஏதாவதொரு மாகாணத்து அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். காலையில் போலீஸ் நிலையம், கோடையில் பள்ளி பேஸ்பால். தொழில் பழகுவது இந்த இரண்டிலும்தான். அதுவரை ஆட்டமே பார்த்திராதவரும் ஸ்கோர் நோட்டைக் கையில் எடுத்தாகவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னச் சதுரம் வரைந்திருக்கும். ஆடுபவர்களுக்கு நின்ற இடத்தை வைத்து 1 முதல் 9 வரை எண். பந்து வீசுபவர் 1, பின்னால் பிடிப்பவர் 2. உருண்டு வந்த பந்தை இடைத்தளத்துக்காரர் பொறுக்கி முதல் தளத்துக்கு எறிந்து ஆளை வெளியேற்றினால் 6-3. வெயிலில் வேர்வை சொட்ட ஒரு பந்துகூட விடாமல் குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய்த் தோற்றவர்களிடமும் பேசவேண்டும். மறுநாள் மாகாணப் பக்கத்தில் பள்ளியின் பெயர், இன்னிங்ஸ் வாரியாக ஓட்டங்கள், பந்து வீசியவர், பிடித்தவர் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டி வரும். முதல் சுற்றிலேயே வெளியேறிய மீனவ ஊர்ப் பள்ளிக்கும் அதே கட்டம்தான். தேர்தல் சமயத்தில்கூட அந்த ஊர்ப் பெயர் அச்சேறாமல் போகலாம். ஜூலையில் ஒரு நாள் கட்டாயம் ஏறும்.

இதில் ஒரு குறை பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது. நடத்துபவரும் எழுதுபவரும் ஒருவரே. தன் போட்டியைத் தானே கண்டிப்பது எளிதல்ல. 2018இல் அகிதாவின் கானாஆஷி வேளாண் பள்ளி இறுதிக்கு வந்தது. முதல் போட்டியில் தோற்ற அகிதாவுக்கு 103 வருஷம் கழித்துக் கிடைத்த வாய்ப்பு, மாகாணமே கொண்டாடியது. அந்த அணியின் பந்து வீச்சாளர் யோஷிதா கோசெய் கோஷியெனில் மட்டும் 881 பந்துகள் வீசினார். இறுதியில் ஒசாகா தோயின் பள்ளியிடம் 13-2 என்று தோற்றார்கள். ஆகஸ்ட் வெயிலில் பதினேழு வயதுப் பையனின் தோள்பட்டை இதைத் தாங்குமா என்ற கேள்வி பத்து இருபது வருஷமாக இருந்ததுதான். ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்ற விதி வந்தது 2020இல். போட்டியை நடத்தாத ஒரு பத்திரிகை அந்தக் கேள்வியை முன்னமே உரக்கக் கேட்டிருக்கும். வீர வரலாறு எழுதுவதில் காட்டிய அக்கறையைத் தோள்பட்டையிலும் காட்டியிருக்கலாம் என்பதே என் கட்சி.

ஆனாலும் இந்தப் பந்தயம் பிறந்திருக்கவே வேண்டாம் என்று என்னால் சொல்லமுடியாது. காரணம், 1998 ஜூலை 18ஆம் தேதி அவோமோரி மாகாணத்தில் நடந்த ஓர் ஆட்டம். ஃபுகாவுரா என்ற கடலோரச் சிற்றூரின் பள்ளி, பேர்போன தோவோ கிஜுகு பள்ளியோடு மோதியது. முதல் இன்னிங்ஸிலேயே எதிரணி 39 ஓட்டம் எடுத்தது. ஐந்தாவது முடிந்தபோது 93-0. விட்டுவிடலாமா என்று பயிற்சியாளர் பிள்ளைகளிடம் கேட்டார். விட்டிருந்தால் விதிப்படி ஏட்டில் 9-0 என்றுதான் இருக்கும். பார்க்க மானமாகவே இருந்திருக்கும். பிள்ளைகள் ஆடுகிறோம் என்றார்கள். ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் 122-0. அந்த ஏழு எண்களையும் ஏழு பூஜ்யங்களையும் அச்சிட ஒரு பத்திரிகையும், வெயிலில் உட்கார்ந்து கடைசி வரை குறிக்க ஒரு நிருபரும் இருந்ததால்தான் அந்த ஊரை இன்று நாம் பேசுகிறோம்.

கோடைப் போட்டியில் 2000களின் தொடக்கத்தில் நாலாயிரத்துக்கு மேல் அணிகள் கலந்துகொண்டன. இப்போது 3,500க்கும் கீழே. ஒன்பது பேர் சேராத பள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே அணியாக இறங்குகின்றன. கட்டத்தில் எல்லாப் பள்ளிகளின் பெயர்களையும் அடுத்தடுத்து எழுதுகிறார்கள்.

நம் பத்திரிகைகளில் மாவட்டப் பக்கம் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்தியில் கோப்பை வழங்கியவர் பெயர் இருக்கட்டும். ஆடிய பிள்ளைகளின் பெயர்களையும் போடுங்கள், தோற்ற அணியையும் சேர்த்து.