'வீணாகக் கடலில் கலக்கும் நீர்': ஒரு சொல்லும் ஒரு மீனும்

1

மேட்டூர் அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடப்படுகிற ஆண்டுகளில் தமிழ்ப் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: இத்தனை டி.எம்.சி. நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, விவசாயச் சங்கம், டீக்கடை பெஞ்சு என்று சகலரும் இந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றுகூடிவிடுவார்கள். 'எவ்வளவு தண்ணி வீணாப் போகுது பாருங்க' என்பதற்கு மறுப்புச் சொல்ல இங்கே ஆள் கிடையாது. இப்படி ஒருமித்த சம்மதம் பெற்ற ஒரு சொல்லை நாம் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். யாருக்கு வீண்? யார் கணக்கில் வீண்?

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு சூடு பிடித்திருக்கிற இன்று இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு மேட்டூர் வறண்டு கிடந்தது. 2018 ஜூலையில் அதே மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஒன்று, வராது, வந்தால், மொத்தமாக வரும். இதற்குப் பதிலாக அரசும் நிபுணர்களும் முன்வைப்பவை: மேலும் கதவணைகள், நீர்த்தேக்கங்களில் கூண்டு மீன்வளர்ப்பு, வெப்பம் தாங்கும் மீன் இனங்கள். 2020இல் மத்திய அரசு அறிவித்த மீன்வளத் திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். அதில் நீர்த்தேக்கக் கூண்டுகளுக்கும் இடமுண்டு. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'மீன்வள மேலாண்மை'.

மேலாண்மை என்கிற இந்தச் சொல்லுக்குக் காவிரியில் ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் மேலாண்மை செய்யப்பட்டது பெரும்பாலும் மீன் பிடிப்பவன்தான். தண்ணீர் போகும் வழியோ பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இந்த வேலைப் பிரிவினையைக் கேள்வி கேட்காத எந்தக் காலநிலைத் திட்டமும் பழைய திட்டத்தின் மறுபதிப்பாகவே இருக்கும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

2

உல்லம் என்று ஒரு மீன். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவதும், கோதாவரிக் கரையில் புலசா என்று கொள்ளை விலைக்குப் போவதும் இதுதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது அந்த நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, நன்னீரில் முட்டையிடும் மீன் இது. வெள்ளம் கடலுக்குள் போய்க் கூப்பிட்டால்தான் உல்லம் ஆற்றுக்குள் வரும். 'வீணாக'க் கடலில் கலக்கிற நீர் என்று நாம் சொல்கிறோமே, உல்லத்துக்கு அதுதான் அழைப்பு. குஞ்சுகள் திரும்பக் கடலுக்குப் போகவும் அதே நீர்தான் வழி.

கொள்ளிடத்தில் 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையையும் கீழணையையும் கட்டத் தொடங்கினார். காவிரிப் பாசனத்தைக் காப்பாற்றியவர் என்று தஞ்சைக் கரையில் அவருக்குப் பெயர். அது பொய்யில்லை. ஆனால் பாசனத்தின் கண்ணால் மட்டும் ஆற்றைப் பார்க்கிற பார்வையும் அவரோடுதான் இங்கே நிலைபெற்றது. ஆறு என்றால் வாய்க்காலின் தாய்வாய்க்கால், அவ்வளவுதான். கீழணை அதிக உயரமில்லாதது. பெருவெள்ளத்தில் மீன் அதைத் தாண்டிவிடலாம். வெள்ளம் தணிந்தால் அணைக்கு அடியில் குவிந்து நிற்கும். அப்படிக் குவிந்து நிற்பதை அள்ளுவது சுலபம். அணைக்கு அடியில் மீன் ஏராளம் என்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் மீன் குறைந்துகொண்டிருக்கும். குத்தகைக் கணக்கில் இந்தக் குறைவு உடனே தெரியாது.

3

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீனியலுக்கு வந்தவர் பிரான்சிஸ் டே. இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றி 1873இல் அவர் அளித்த அறிக்கை இத்துறையின் மூல ஆவணம். மீன்கள் குறைவதற்கு அதில் இரண்டு வகைக் காரணங்கள் வருகின்றன. ஒன்று, உள்ளூர்க்காரர்கள் சிறுகண் வலையாலும் நிலைப்பொறியாலும் குஞ்சுகளை வாரியெடுப்பது. இன்னொன்று, பாசன அணைகள் மீனின் பாதையை மறிப்பது. முதலாவதற்கு வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னார். இரண்டாவதற்கு அணைகளில் மீன்வழி வைக்கச் சொன்னார்.

இந்த இரண்டில் எது சட்டமாயிற்று? 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தைப் படித்தால் தெரியும். வெடி வைக்காதே, நஞ்சு கலக்காதே. நிலைப்பொறிகளையும் வலைக்கண் அளவையும் மாகாண அரசு கட்டுப்படுத்தலாம். குறிப்பிட்ட நீர்நிலையில் மீன்பிடிப்பதையே இரண்டாண்டு வரை தடை செய்யலாம். பாசன அணை கட்டுகிற அரசின் மீது அந்தச் சட்டம் எந்தக் கடமையையும் சுமத்தவில்லை. டேயின் அறிக்கையில் பாதி சட்டமானது, மீதி அலமாரிக்குப் போனது. குற்றவாளி இடத்தில் வலைக்காரன் நிறுத்தப்பட்டான். வெடி வைப்பதை யாரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மனுசன் கையில் இருக்கிற கூடையும் ஆற்றை முழுக்க மறிக்கிற கற்சுவரும் ஒரே ஆவணத்தில் காரணங்களாகச் சொல்லப்பட்டு, சட்டத்தின் கண்ணுக்குக் கூடை மட்டும் தெரிகிறது என்றால் அந்தப் பார்வைக் கோளாறை நாம் அறிவியல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கூடைக்காரன் யார் என்பதையும் சொல்லவேண்டும். குளத்திலும் ஆற்றிலும் மீன்பிடித்து வாழ்ந்த செம்படவர்கள், வயல் வேலை இல்லாத நாளில் வாய்க்காலில் கையால் தடவிப் பிடித்த தலித் மக்கள், இருளர்கள். நில ஆவணத்தில் பெயரில்லாதவர்களின் புரதம் அது. பாசன வரலாறு என்று நாம் படித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நிலம் உள்ளவனின் தண்ணீர் வரலாறு.

4

பிறகு மீன்துறை வருகிறது. பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியில் 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவானது. 1909இல் அத்துறையின் வல்லுநர் எச்.சி. வில்சன் கீழணையில் உல்லத்தின் முட்டையை எடுத்துச் செயற்கையாகக் கருவூட்டிக் குஞ்சு பொரிக்கும் சோதனையை நடத்தினார். ஏன் கீழணை? மீன் தாண்ட முடியாமல் நிற்கிற இடம் என்பதால் சினை மீன் அங்கே சுலபமாகக் கிடைக்கும். தடையை அகற்றுவது பற்றிய பேச்சு தடைக்குக் கீழே பொரிப்பகம் வைப்பது பற்றிய பேச்சாக மாறிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை நம்முடைய நன்னீர் மீன்வளக் கொள்கையின் அடிப்படைத் தர்க்கம் இதுதான்: வாழிடம் போனால் போகட்டும், குஞ்சு விடலாம்.

1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 214 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, மீன்வழி கிடையாது. சிக்கல் வெறும் உயரத்தில் மட்டும் இல்லை. தென்மேற்குப் பருவத்தின் வெள்ளத்தை மேட்டூர் பிடித்து வைத்துக்கொண்டது. கீழே கொள்ளிடத்தில் மீனைக் கூப்பிடுகிற வெள்ளம் குறைந்துபோனது. சென்னை மீன்துறைக்குத் தலைமை வகித்த இந்தியரான பி. சுந்தரராஜ் 1941இல் இந்திய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அணைகளும் மீன்வளமும், மேட்டூர் இந்தியாவுக்குத் தரும் பாடங்கள் என்பதுதான் தலைப்பே. அணை வந்தபின் காவிரியின் உல்லம் சரிந்ததை அரசு அதிகாரி ஒருவரே பதிவு செய்கிறார். அதுவும் அணை திறந்து ஏழே ஆண்டில்.

பாடம் யார் படித்தார்கள்? 1975இல் கங்கையில் பரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. அலகாபாத் வரைக்கும் ஏறிக்கொண்டிருந்த இலிஷ் அதற்குமேல் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. 34 ஆண்டுக்கு முன்பே அச்சில் வந்திருந்த எச்சரிக்கை அது. அப்போது 'காலநிலை மாற்றம்' என்கிற சொல் நம் செய்தித்தாள்களில் கிடையாது. இன்று ஆற்றில் மீன் இல்லை என்றால் உலக வெப்பத்தைக் கை காட்டுவது வசதியாக இருக்கிறது. வெப்பம் உண்மைதான். ஆனால் அது காலி செய்யப்பட்ட வீட்டுக்குள்தான் நுழைகிறது.

5

போன மீனுக்குப் பதிலாக என்ன வந்தது? கட்லா, ரோகு, 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. இந்தக் கடைசி மீனுக்கு மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்குச் சந்தையில் பலருக்கு ஆற்று மீன் என்றாலே அதுதான். மேல்காவிரியில் கூன்முதுகு மகசீர் என்கிற, இந்தப் படுகைக்கே உரிய பெருமீன் இருக்கிறது. அதன் ஆற்றில் மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட வேறொரு மகசீர் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள், மகசீரைக் காப்பாற்றுவதற்காக! சொந்த மீனுக்கு எந்த அறிவியல் பெயர் என்று தெளிவானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

குளத்துக்கு வருவோம். பழைய கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வருவாய் வரும். ஏரியில் மீன்பிடி உரிமைக்கான பாட்டம். அதை ஏரியைத் தூர்வாரச் செலவிட்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் சாதிச் சமத்துவம் இருந்தது என்று யாரும் கனவு காணவேண்டாம். ஆனால் மீனின் காசு குளத்துக்கே திரும்பியது. இன்றைய மீன்பாசி ஏலத்தில் எடுப்பவருக்கு அந்தக் குத்தகைக் காலம் முடிந்தபின் குளம் எப்படிப் போனால் என்ன? மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் வற்றும்போது பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, ஊரே ஊத்தாவோடு இறங்குகிற மீன்பிடித் திருவிழா இன்னும் நடக்கிறது. ஏலம் போன கண்மாயில் அதற்கு இடமில்லை.

வளர்ப்புக் கையேடுகளில் 'களைமீன்' என்று ஒரு வகைமை உண்டு. நம்ம ஊர்ச் சிறுமீன்கள் அத்தனையும் அதில் அடக்கம். விரால், தேளி எல்லாம் 'கொன்றுண்ணி' என்கிற இன்னொரு தலைப்பில் வரும். குஞ்சு விடுவதற்கு முன்பு இலுப்பைப் பிண்ணாக்குப் போட்டு இரண்டையும் ஒழிக்கவேண்டும். (பண்ணைக்குளம் வேறு, ஆறு வேறு என்பது சரி. ஆனால் களை என்கிற பெயர் பண்ணைக்குளத்தோடு நின்றுவிடுவதில்லை.) 20 பாகை நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும், 30 பாகையில் 7.6தான். நீர் சூடேறச் சூடேற மூச்சு முட்டும். விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்கிற டேனிஷ் அதிகாரி பனைமரத்தில் ஏறிய மீனைப் பற்றி எழுதியது 1797இல் லண்டன் லின்னேயச் சங்க இதழில் வந்தது. நம் மக்கள் அந்த மீனைப் பனையேறி என்றே அழைக்கிறார்கள். ஈரத்தரை இருந்தால் அடுத்த குளத்துக்கு நடந்தே போய்விடும். வெப்பம் தாங்கும் இனத்தை எங்கோ தேடுகிற மேலாண்மை, ஏற்கெனவே தாங்குகிற இனத்தைக் களை என்றும் கொன்றுண்ணி என்றும் பட்டியலிட்டு வைத்திருக்கிறது.

6

இப்போது அந்த 'வீணு'க்குத் திரும்பலாம். 2007இல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. மொத்தம் 740 டி.எம்.சி. மூன்று மாநிலங்களுக்கும் ஒரு ஒன்றியப் பிரதேசத்துக்கும் சேர்த்து 726. சுற்றுச்சூழலுக்கு 10. கடலுக்குத் 'தவிர்க்க முடியாமல் தப்பிச் செல்லும்' நீர் 4. இந்தத் தப்பித்தல் என்கிற சொல்லைக் கவனியுங்கள். ஆறு கடலுக்குப் போவது சிறையிலிருந்து கைதி ஓடுவதைப்போலப் பதிவாகியிருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலப் பங்குகளை மாற்றியது, இந்த 14ஐத் தொடவில்லை. இரண்டு மாநிலங்களும் எதிலெதிலோ சண்டை போட்டாலும், ஆற்றுக்கென்று இவ்வளவு போதும் என்பதில் சண்டையே இல்லை.

கடைமடை விவசாயியின் தாகத்தைக் கொச்சைப்படுத்துவதற்கு இதைச் சொல்லவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வராத ஊரில் நின்றுகொண்டு மீனுக்கு விடு என்று சொல்வது எளிதல்ல. ஆனால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் ஆற்றின் ஓட்டம் குறைந்ததும் கடல்நீர் உள்ளே ஏறுகிறது, நிலத்தடி நீர் உப்பாகிறது. உப்பைத் தள்ளி நிறுத்துகிற வேலையை அந்த 'வீண்' நீர்தான் செய்துகொண்டிருந்தது. உப்பைத் தடுக்க இப்போது கீழணைக்கும் கீழே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை வந்திருக்கிறது. அணையால் வந்த நோய்க்கு இன்னொரு அணை! உல்லத்தின் வழி இன்னொரு முறை மறிபடுகிறது. இந்த இடத்தில் கடைமடை விவசாயியும் மீனவரும் எதிரிகள் இல்லை. அவர்களை எதிரெதிரே நிறுத்துவது மேலே உட்கார்ந்து டி.எம்.சி. பிரிக்கிற கணக்குதான்.

என்ன கேட்கலாம்? ஆடிப் பெருக்கின் ஒரு பங்கு, மீனின் பருவம் பார்த்து, கடல் வரை போகட்டும். கதவணைகளில் மீன்வழி வைப்பதைச் சட்டக் கடமை ஆக்கட்டும். 1873இல் கேட்டதுதான், புதிதாக ஒன்றுமில்லை. கோடையில் மீன் ஒதுங்குகிற மடுக்களைச் சுரண்டும் மணல் குவாரிகள் நிற்கட்டும். காவிரிக் கரையில் கருநாடகத்து இராமநாதபுரத்தில் கோவிலடி மீனை யாரும் பிடிப்பதில்லை. பக்தியால் முடிந்த அந்தப் புகலிடம் பொது முடிவாலும் முடியும், பிடிப்பவர்களே அந்த முடிவை எடுப்பவர்களாக இருந்தால். நீர் ஒழுங்காற்றுக் கூட்டங்களில் பொறியாளர், அதிகாரி, பாசனச் சங்கத்தார் உண்டு. வலை வைத்திருப்பவனுக்கு நாற்காலி கிடையாது. காலநிலை பற்றிப் பேசப்போகிறவர்கள் முதலில் அந்த நாற்காலியைப் போடட்டும்.