ஆபத்துக் காலத்து அரசு உதவி

பாட்னா நகரில் கங்கைக் கரையருகே தேன்கூட்டைப் போன்ற வடிவில் ஒரு பெருங் கட்டடம் நிற்கிறது. 'கோல்கர்' என்பது அதன் பெயர். 1770ஆம் ஆண்டில் வங்காளத்தையும் பீகாரையும் வாட்டிய கொடும் பஞ்சத்திற்குப் பின், அத்தகைய துயரம் மீண்டும் நேராதிருக்கும் பொருட்டுக் கும்பினியார் கட்டிய தானியக் களஞ்சியம் அது. 1786இல் கட்டி முடிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1784இல், லக்னோவில் நவாப் ஆஸபுத் தௌலா பஞ்சத்தால் வாடிய குடிகளுக்கு வேலையும் கூலியும் கிடைக்கும்படி பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். வறுமையுற்ற பெருங்குடி மக்களும் அங்கே கூலிக்கு வந்தனர் என்றும், தம் முகம் பிறர்க்குத் தெரியாதபடி இரவின் இருளிலே வேலை செய்தனர் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு.

வடநாட்டில் வாழும் தமிழருள் இவ்விரு கட்டடங்களையும் கண்டு வியந்தோர் பலர். இவை பசியின் நினைவுச் சின்னங்கள் என்று எண்ணிப் பார்த்தோர் சிலராகவே இருப்பர். இடருற்ற ஏழைக்கு உதவுவது ஆள்வோரின் கருணையா, அன்றிக் கடமையா? அவ்வுதவியைப் பெற ஒருவன் எந்த ஊரில் நிற்க வேண்டும்? நம் நாட்டில் ஆபத்துதவியின் வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இரண்டாவது வினா முதலாவதைக் காட்டிலும் முக்கியமானது.

நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று குறிப்பிட்ட 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம், சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் குடித்தது. அரசாங்கத்தார் நிவாரண வேலைகளைத் தொடங்கினர். சென்னை நகரத்தின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. ஆனால் செலவைச் சுருக்கும்படி கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இல் ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே கூலி என்று வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண் சுமக்கும் உடலை இது தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் கூலி சற்று உயர்த்தப்பட்டதாயினும், அதற்குள் மாண்டவர் மீளவில்லை.

டெம்பிளின் விதிகளுள் இன்னொன்றும் உண்டு. உடல் வலிமையுள்ளவனுக்கு அவனுடைய ஊரிலிருந்து பத்து மைலுக்குள் நிவாரண வேலை கொடுக்கக் கூடாது என்பதே அது. மெய்யாகவே பசித்தவன்தான் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வருவான் என்பது அவர்கள் கருத்து. உதவி வேண்டுமானால் ஊரை விடு என்பது அன்றைய கட்டளை.

இப்பஞ்சத்தின் பின் சர் ரிச்சர்டு ஸ்டிராச்சி தலைமையில் அமர்ந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் தன் அறிக்கையைத் தந்தது. அதையொட்டி 1883இல் பஞ்ச விதித் தொகுப்பு வகுக்கப்பட்டது. உழைக்க வல்லவர்க்கு வேலை; முதியோர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோர்க்கு இலவச உதவி; குடியானவர்க்குத் தீர்வைத் தள்ளுபடியும் தக்காவிக் கடனும் என்று உதவி மூவகையாகப் பிரிந்தது. 'தக்காவி' என்னும் சொல் வலுவூட்டுதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது. விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவதே அதன் நோக்கம் என்பதைச் சொல்லே காட்டுகிறது.

இத்தொகுப்பின் பெருமை, உதவியை அதிகாரியின் மனநிலையினின்று விடுவித்து விதிக்குக் கட்டுப்படுத்தியதே ஆகும். அதன் குறையும் அங்கேயே இருந்தது. இலவச உதவிக்கு உரியோரின் பட்டியலைக் கிராம அதிகாரிகள் ஊர் ஊராகத் தயாரித்தனர். ஊரில் இருப்பவன் பெயர் பட்டியலில் ஏறும். பிழைப்புத் தேடிச் சென்றவன் 'அலைவோன்' எனப்பட்டான். அவனை ஏழையர் விடுதியில் சேர்ப்பதும், இயன்றபோது சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவதுமே முறை. உதவி வேண்டுமானால் ஊரிலேயே இரு என்று கட்டளை தலைகீழாக மாறிற்று.

விதி இருந்தும் அதைச் செயற்படுத்தாவிடில் என்ன நேரும் என்பதை 1943ஆம் ஆண்டு வங்கம் காட்டியது. அங்கே பஞ்சம் நிலவுவதாக அரசாங்கத்தார் முறைப்படி அறிவிக்கவே இல்லை. ஆகவே விதித் தொகுப்பு உறங்கிக் கிடந்தது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கு உணவு கிடைக்க வழிவகை செய்யப்பட்டது. கிராமங்களிலிருந்து கஞ்சி தேடி வந்தவர்களோ நடைபாதைகளில் மடிந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர்களைத் திரட்டி நகரத்தினின்று வெளியேற்ற ஓர் அவசரச் சட்டமும் பிறந்தது. அப்பஞ்சத்தில் பதினைந்து இலட்சம் பேர் இறந்ததாக 1945இல் விசாரணைக் குழு மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை முப்பது இலட்சம் என்பர்.

விடுதலைக்குப் பின் 1948 ஜனவரியில், பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்தோர்க்கு உதவும்படி நேரு விடுத்த வேண்டுகோளின்மேல் பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதி தோன்றியது. பொதுமக்களின் நன்கொடையாலேயே நடைபெறும் இந்நிதி, இயற்கைச் சீற்றங்களுக்கும், இருதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் முதலிய பெருஞ்செலவுச் சிகிச்சைகளில் ஒரு பகுதிக்கும் உதவுகிறது. எனினும் இது விண்ணப்பித்தவர்க்கு மனமுவந்து அளிப்பது. கேட்டுப் பெறும் உரிமையன்று. அரசு ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இத்தகைய தொகையைக் 'கருணைத் தொகை' என்று நாம் எழுதி வருகிறோம். அச்சொல்லை எழுதும்போதெல்லாம் இருளில் முகம் மறைத்துக் கல் சுமந்த லக்னோ மக்கள் நம் நினைவுக்கு வருவர்.

உரிமையின் பக்கம் சாய்ந்த திட்டங்கள் பின்னரே வந்தன. 1995இல் தொடங்கிய தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தின்படி, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குட்பட்ட, சம்பாதித்துக் காப்பவர் இறந்தால் ஒரே தவணையாக 20,000 ரூபாய் கிடைக்கும்; 2012க்கு முன் இது 10,000 ரூபாயாக இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கட்டடத் தொழிலாளர்க்கு மாநிலந்தோறும் நல வாரியங்கள் எழுந்தன. கட்டுமானச் செலவின்மீது விதிக்கும் வரியே அவற்றின் மூலதனம். முந்திய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட தொழிலாளி தாம் வேலை செய்யும் மாநிலத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். பிறந்த ஊரைக் கேளாமல் உழைக்கும் ஊரைக் கேட்டது இதன் சிறப்பு.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. நாம் நேரில் கண்டது ஒன்றுண்டு. வடநாட்டு நகர் ஒன்றில் நம் அண்டை வீட்டில் இருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் கணவரை இழந்தார். அவருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். "உங்கள் பெயர் இவ்வூர்ப் பட்டியலில் இல்லையே அம்மா, சொந்த ஊரில் கேளுங்கள்" என்றார்கள். கடன் வாங்கி ரயிலேறிச் சென்றார். "நீங்கள் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷமாயிற்றே" என்று அங்கே சொன்னார்கள். இரண்டு இடத்திலும் எவரும் அவரைக் கடிந்து பேசவில்லை. ஆயினும் இரண்டு பட்டியல்களுக்கும் இடையே அவர் இல்லாமற் போனார்.

2020இல் தொற்றுநோயின் பொருட்டு நாடு அடைபட்டபோது, இலட்சக்கணக்கானோர் இதே இடைவெளியில் நின்றனர். பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினர். அட்டையில்லாத வெளியூர்த் தொழிலாளர்க்குத் தலைக்கு ஐந்து கிலோ தானியம் இரண்டு மாதத்திற்கு வழங்கப்படுமென்று அவ்வாண்டு மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. 2019இல் சில மாநிலங்களில் தொடங்கியிருந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' முறையும் விரைந்து பரவியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது, 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர நாடு முழுதும் நிறைவெய்தியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர் எந்த மாநிலத்துக் கடையிலும் தம் தானியத்தை வாங்கலாம். ஆனால் மாநில அரசுகள் தம் பொறுப்பில் தரும் கூடுதல் சலுகைகள் மாநில எல்லையைத் தாண்டி வருவதில்லை.

பத்து மைல் தொலைவு நடந்து வந்தவனுக்கே உதவி என்ற காலத்திலிருந்து, எங்கிருந்தாலும் அரிசி என்னும் காலத்திற்கு வர ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அரிசிக்குத் திறந்த கதவு, கணவனை இழந்தவளுக்கு இன்னும் முழுதும் திறக்கவில்லை. அது திறக்கும் வரையில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: வாழும் ஊரின் பட்டியலில், துன்பம் வருமுன்னரே, நம் பெயரைச் சேர்த்துக்கொள்வதும், எழுத்தறியாத நம்மவர்க்கு அதனைச் செய்து கொடுப்பதுமாகும். அலுவலகத்தின் வாயிலில் முகம் மறைக்க வேண்டிய இருள் இன்று இல்லை. பகலிலேயே சென்று, பெயர் சொல்லிக் கேட்கலாம்.