நேரம் அறியாத மீட்டர்

மின்சாரத்தைப் பெருமளவில் தேக்கி வைக்க வழியில்லாத பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மாலை விளக்கேற்றும் சில மணி நேரத்துக்காகவே பெரிய இயந்திரங்களை நிறுவி, எஞ்சிய பொழுதில் அவற்றைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டிய நிலையில் மின் நிறுவனங்கள் இருந்தன. எடுத்த மின்சாரத்துக்கு ஒரு கட்டணமும், கேட்டபோதெல்லாம் தருவதற்கு ஆயத்தமாக நிற்பதற்கு வேறொரு கட்டணமும் வேண்டும் என்று 1892இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் வாதிட்டார். நுகர்வோர் ஒரே சமயத்தில் எடுத்த உச்ச அளவைக் காட்டும் கருவியைப் பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட் உருவாக்க, சிகாகோவின் சாமுவேல் இன்சல் அம்முறையைத் தம் நகருக்குக் கொண்டுசென்றார். ஆயினும் ஊர் உறங்கும் நள்ளிரவில் உச்சத்தைத் தொட்டவரையும் ஊரே விழித்திருக்கும் மாலையில் தொட்டவரையும் அக்கருவி ஒன்றாகவே பாவித்தது.

இக்குறையை வேரோடு ஆராய்ந்தவர் பிரெஞ்சுப் பொருளியலாளர் மார்செல் புவாத்தோ. புதிய மின்நிலையத்தின் தேவையை உண்டாக்குவது உச்ச நேரப் பயன்பாடே என்பதால் அதன் முதலீட்டை அந்நேர நுகர்வோரே சுமக்க வேண்டும், மற்ற நேரத்தவர் கூடுதல் அலகை உற்பத்தி செய்ய ஆகும் செலவை, அதாவது இறுதிநிலைச் செலவை, மட்டும் தந்தால் போதும் என்பது அவர் 1949இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். 1946இல் நாட்டுடைமையான பிரெஞ்சு மின் நிறுவனம் இதைப் பின்பற்றி நேரத்துக்கேற்ற கட்டணங்களை வகுத்ததுடன், மின்கம்பி வழியாகவே 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பி வீடுகளின் வெந்நீர்க் கொதிகலன்களை இரவில் இயக்கியது. ஆனால் மலிவான நேரத்துக்கு எல்லோரும் ஒருசேரப் பாய்ந்தால் அந்நேரமே புதிய உச்சமாகிவிடும்; ஒருவரது ஆதாயம் பிறர் செய்வதைப் பொறுத்து அமையும் இத்தகைய நிலைமைகளை ஆராயும் கணிதமே ஆட்டக் கோட்பாடு.

வீடுகளும் மின் நிறுவனமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் திறன்மிகு மின்கட்டமைப்புக்கு அக்கணிதத்தைப் பொருத்தி மொஹ்சேனியன்-ராட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐவர் 2010இல் எழுதிய கட்டுரை பரவலாக எடுத்தாளப்பட்டது. அதில் வீடுகள் ஆட்டக்காரர்கள். சலவை இயந்திரத்தையும் மின்காரையும் எந்த மணியில் இயக்குவது என்ற அட்டவணையே அவர்களது காய்நகர்த்தல். தனியொருவர் தம் அட்டவணையை மட்டும் மாற்றி மேலும் லாபம் காண முடியாத நிலையை நாஷ் சமநிலை என்பர். அவர்களது மாதிரியில் அச்சமநிலையே ஊரின் மொத்தச் செலவையும் இயன்ற அளவு குறைப்பதாக நிறுவப்பட்டது. விந்தை என்னவெனில், அம்மாதிரி மொத்தச் செலவை அவரவர் நாள் முழுதும் எடுத்த அளவின் விகிதத்தில்தான் பங்கிடுகிறது: இரவில் துவைத்த வீடும் மாலையில் துவைத்த வீடும், எடுத்த அளவு சமமாயின், சமமாகவே செலுத்தும்.