90 ஆண்டுகள் தூங்கிய சட்டம்

காவல்துறை அத்துமீறல் நடந்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மனுவோடு அலைகிறோம். அடித்த அதிகாரியிடமே இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம் என்ற யோசனை நம் கூட்டங்களில் எழுவது அரிது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அந்த வழியில் போன வரலாறு நமக்குத் தெரிய வேண்டும் தோழர்களே.

அங்கே 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. தென் மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் கும்பல் விடுதலை பெற்றவர்களை வேட்டையாடியது. உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. அதனால் 1871இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மாநில அரசு தந்த அதிகாரத்தை வைத்து ஒருவரின் அரசியல் சாசன உரிமையைப் பறித்தால், பாதிக்கப்பட்டவரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இன்று அதன் பெயர் 'பிரிவு 1983'. (அது ஆண்டு அல்ல, சட்டத்தொகுப்பில் உள்ள எண்.)

பிறகு ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது.

1958 அக்டோபர் 29, சிகாகோ. விடியும் முன்பே 13 போலீசார் ஜேம்ஸ் மன்றோ என்ற கறுப்பினத்தவரின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். வாரண்ட் கிடையாது. அவரையும் மனைவியையும் படுக்கையிலிருந்து எழுப்பி நிர்வாணமாகக் கூடத்தில் நிற்கவைத்தார்கள். வீட்டில் ஆறு குழந்தைகள் இருந்தார்கள். எல்லா அறைகளையும் கலைத்துப் போட்டார்கள். ஒரு கொலை பற்றி விசாரிப்பதாகச் சொல்லி மன்றோவை நிலையத்தில் 10 மணி நேரம் வைத்திருந்து, வழக்கே போடாமல் அனுப்பினார்கள். நம் சேரிகளில் நடக்கும் நள்ளிரவுச் சோதனைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல.

மன்றோ குடும்பம் அந்தப் பழைய சட்டத்தைக் கையிலெடுத்தது. மாநிலச் சட்டத்தையே மீறிச் செய்தது எப்படி அரசு அதிகாரத்தில் செய்ததாகும் என்பது போலீஸ் தரப்பின் வாதம். 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீருடை தந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலும் அது அரசு அதிகாரம்தான், முதலில் மாநில நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை என்றது. ஆனால் சிகாகோ நகராட்சியை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. அந்தக் கதவு 1978இல்தான் திறந்தது.

திறந்த நீதிமன்றமே மூடவும் தொடங்கியது. நல்லெண்ணத்தோடு கைது செய்ததாகப் போலீசார் வாதிடலாம் என்றது 1967 தீர்ப்பு. 1982 தீர்ப்புக்குப் பிறகு, அந்த உரிமை ஏற்கெனவே 'தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தால்' மட்டுமே அதிகாரி சிக்குவார். வென்றாலும் பணம் கட்டுவது பெரும்பாலும் நகராட்சிதான்.

இந்தியாவில்? போலீஸ் காவலில் இருந்த தங்கம் காணாமல் போன வழக்கில், அரசுக்குப் பொறுப்பில்லை என்று 1964இல் கஸ்தூரிலால் தீர்ப்பு சொன்னது. காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீலாபதி பெஹரா எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்து, 1993இல் உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் வழங்கியது. அடிப்படை உரிமை மீறலில் அந்த விலக்கு செல்லாது என்றது. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது அரசுதான். 2023இல் வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுத்து, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது.