ஒரு வீடும் ஓர் ஆண்டும்: 1970இல் தோட்டத் தமிழ்க் குடும்பம்

வரலாறு என்றவுடன் மன்னர் பெயர்களும் போர் நாள்களும் ஒப்பந்த ஆண்டுகளுமே நம் மாணவர் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு வாழ்க்கை வரலாறாகுமா என்று அவர்கள் ஐயுறுவர். ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் எத்தகையது என்பதை அரசிதழ் சொல்லும். அது மக்களை என்ன செய்தது என்பதை அறிய ஒரு வீட்டுக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

மலேசிய வரலாற்றில் 1970 குறிப்பிடத்தக்க ஆண்டு. 1969 மே 13ஆம் நாள் கலவரத்தை அடுத்து நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்திய காலம் அது. 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு வெளியிடப்பட்டது. செப்டம்பர் 22ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் பதவி விலக, துன் அப்துல் ரசாக் பிரதமரானார். இவை பாடநூல்களில் உள்ளவை. அதே ஆண்டில் தோட்டத்து லயத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடி வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் நிகழ்ந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லை.

வீட்டில் இருந்தோர்

ஈண்டு நாம் காணப்போவது பெயர் குறித்த ஒரு குடும்பம் அன்று. அக்காலத் தோட்டக் குடும்பங்களின் பொதுநிலையை விளக்க ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாத்தா, கங்காணி அழைத்துவரக் கப்பலேறி வந்தவர். தமிழகத்திலிருந்து உதவிபெற்று ஆள் வருவது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது; அதற்கு முன் வந்தவர் அவர். தந்தை குழந்தைப் பருவத்தில் உடன் வந்தவர். தாய் மலாயாவிலேயே வேறொரு தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பிறப்புப் பத்திரம் கையில் இல்லை. பிள்ளைகள் அறுவர். மூத்த மகன் 1949இலும், மகள் 1952இலும், அடுத்த மகன் 1957ஆம் ஆண்டு ஜூனிலும், அவனை அடுத்த மகள் 1958இலும், பின்னும் இரு சிறுவர் 1960, 1963ஆம் ஆண்டுகளிலும் பிறந்தனர் என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வாண்டுகளை வெறும் எண்கள் என்று எண்ணிவிடலாகாது. விடுதலை நாளாகிய 1957 ஆகஸ்டு 31 இவ்வீட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்தது. அன்றும் அதற்குப் பின்னும் இந்நாட்டில் பிறந்த குழந்தைகள் சட்டப்படியே குடிமக்கள் ஆயினர். 1962ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அந்நாளுக்கு முன் பிறந்தோருள் பலரோ விண்ணப்பம் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. ஆகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஜூனில் பிறந்த அண்ணன் ஒரு பக்கமும், மறு ஆண்டு பிறந்த தங்கை மறு பக்கமும் நிற்க நேர்ந்தது.

ஜனவரி: பள்ளி திறப்பு

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. 1963இல் பிறந்த கடைக்குட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்தான். ஒரே கூடம், ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளை நடத்துவார். 1958இல் பிறந்த அக்காள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. 1957இல் பிறந்த அண்ணனோ முந்திய ஆண்டு ஆறாம் வகுப்பை முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தான். தோட்டத்தார் இதனை 'ரிமூவ் கிளாஸ்' என்றே வழங்கினர்.

தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோர் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியைக் கற்றுக்கொள்வதற்காக ஏற்பட்டது இவ்வகுப்பு. இதனால் தமிழ்ப்பள்ளி மாணவன் படிவம் ஒன்றுக்குப் போய்ச் சேர ஓராண்டு கூடுதலாயிற்று. எனினும் அவன் அங்குப் போக முடிந்ததே ஒரு மைல்கல்தான். இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தவரை, தேறாத பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பெரும்பாலும் கதவு அடைபட்டது. 1965 முதல் அத்தேர்வு நீங்கி, படிவம் மூன்று வரை ஒன்பதாண்டுக் கல்விக்கு வழி திறந்தது. தோட்டப்பள்ளிச் சிறுவன் முதன்முறையாகப் பட்டணத்துப் பேருந்தில் ஏறிய காலம் இதுவே.

இவ்வீட்டின் இரு சகோதரர்க்கிடையே மற்றொரு கோடும் விழுந்தது. ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு 1970 ஜனவரியில் மலாய்மொழிக்கு மாறியது. ஆண்டுக்கொரு வகுப்பாக அம்மாற்றம் மேலே ஏறிச் செல்ல இருந்தது. புகுமுக வகுப்பில் இருந்த அண்ணன் ஆங்கிலவழியே படித்து முடிக்கலாம். அவ்வாண்டு அரிச்சுவடி தொடங்கிய தம்பி 1976இல் அதே புகுமுக வகுப்பை அடையும்போது, அவனுக்கு முன்னே இருப்பது மலாய்மொழிக் கல்வி. அண்ணன் வைத்துப் படித்த நூல்கள் தம்பிக்கு உதவா. ஒரு வீட்டில் மூத்தவன் படித்த புத்தகம் இளையவனுக்குப் பயன்படுவது எத்தனை பெரிய சேமிப்பு என்பதை ஏழைப் பெற்றோரே அறிவர்.

இலையுதிர் காலம்

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்; பால் குறையும். மழைக்காலத்திலோ பட்டை நனைந்திருப்பதால் விடியற்காலையில் மரம் வெட்ட முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தும் வேலையின்றித் திரும்பிய நாள்கள் உண்டு. வேலை நாளைப் பொறுத்தே கூலி என்பதால், வெட்டாத நாள் வரவில்லாத நாளாயிற்று.

அத்தகைய மாதங்களில் குடும்பத்தைத் தாங்கியது அதன் ஆள்பலமே. தந்தையும் தாயும் மூத்த மகனும் பால்வெட்டு. பதினெட்டு வயது மகள் புல்வெட்டு. பிள்ளைகளுள் பெரியவர் விடுமுறையில் மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் உடன் செல்வர். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவர் கூலி அடுப்பெரிக்கும். பெரிய குடும்பம் வறுமைக்குக் காரணம் என்று வெளியிலிருந்து நோக்கியோர் கூறினர். உள்ளே வாழ்ந்தோர்க்கு அதுவே காப்புறுதியாய் இருந்தது.

அட்டையின் நிறம்

அவ்வாண்டின் பேரிடர் அடையாள அட்டை வடிவில் வந்தது. குடிமக்களுக்கு நீலநிற அட்டை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள் என்று ம.இ.கா.வும் தொழிற்சங்கமும் முன்பே வலியுறுத்தி வந்தன. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து பட்டணம் செல்லவும், இல்லாத பத்திரத்தைத் தேடவும், படிவம் நிரப்பவும் இயலாதோர் பலர். தோட்டத்துக்குள் வாழ்வோர்க்கு அட்டையின் நிறம் அதுவரை பெரிதாகப் படவுமில்லை.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. 1969க்குப் பின் அது முனைப்பாகச் செயற்படுத்தப்பட்டது. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் மரம் வெட்டியவர், அந்த மரத்தை வெட்ட இசைவு கேட்டு நிற்க வேண்டியவரானார். அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 பேர், பெரும்பாலும் தமிழர், தாயகம் திரும்பினர் என்பர். பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் போனவர்களுள், தமிழகத்தை ஒரு நாளும் கண்டிராத பிள்ளைகளும் இருந்தனர்.

போவதா, இருப்பதா என்ற வினா ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. தாத்தாவுக்குச் சிவப்பு அட்டை, தந்தைக்கும் அவ்வாறே, பத்திரமில்லாத தாயின் நிலை உறுதியில்லை, இளைய மூவரோ இம்மண்ணின் குடிமக்கள். முதியோர் ஊர் திரும்ப, மக்களும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே தங்கிய வீடுகள் பல. அன்று துறைமுகத்தில் பிரிந்தோர் பலர் மீண்டும் சந்திக்கவே இல்லை. சிவப்பு அட்டையோடு இங்கேயே முதுமையடைந்து, 2000ஆம் ஆண்டுக்குப் பின்னும் குடியுரிமைக்குக் காத்திருந்தோரும் உண்டு.

விலை கொடுத்தவர்

குடும்பம் தன்னைக் காத்துக்கொண்டது என்றோம். அதற்கான விலையைக் கொடுத்தவர் யார்? ஆறாம் வகுப்பை முடித்த அந்தப் பன்னிரண்டு வயது மகளை நினைவுகூர்வோம். ஒருவர் கூலி நின்றால் மற்றொருவர் கை வேண்டும். மூத்தவள் திருமணமாகிப் போனால் வீட்டில் சமைக்கவும் சிறியோரைப் பார்க்கவும் ஆள் வேண்டும். பேருந்துக் கட்டணம் ஒருவருக்கே கிடைக்குமெனில் அது அண்ணனுக்குப் போகும். நுழைவுத் தேர்வு நீங்கிக் கதவு திறந்த பின்னும், நீல அட்டைக்கு உரிமை இருந்தும், அவளைப் போன்ற பெண்கள் பலர் அக்கதவுக்கு வெளியே நின்றனர். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. வீட்டு நிலையே தடுத்தது. பெரிய குடும்பத்தின் வலிமையைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே சொல்லுதல் கடமை.

ஆண்டிறுதி மழை அவ்வாண்டு வழக்கத்தினும் மிக்குப் பெய்தது. 1971 ஜனவரித் தொடக்கத்தில் கோலாலம்பூரும் பகாங்கின் பல பகுதிகளும் பெருவெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் பள்ளிகளில் புதிய ஆண்டு நடந்தது. தம்பி இரண்டாம் வகுப்புக்கும் அண்ணன் படிவம் ஒன்றுக்கும் சென்றனர்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் மக்கள் வெளியேறியபோதும் பல பள்ளிகள் மறைந்தன. அவற்றோடு சேர்க்கைப் பதிவேடுகளும் மறைந்திருக்கும். எந்த ஆண்டு எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று சொல்லும் ஏடுகள் அவை. எஞ்சிய பள்ளிகளில் பழைய ஏடுகள் இருப்பின் அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாமல் காத்தல் ஆசிரியப் பெருமக்களின் பொறுப்பு.

ஏடு இல்லாத இடத்தில் நினைவு இருக்கிறது. 1970இல் பன்னிரண்டு வயதாக இருந்த பெண்கள் இன்று பாட்டியராய் நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கின்றனர். எந்தத் தோட்டம், எத்தனை பேர், யாருக்கு எந்த நிற அட்டை, யார் கப்பலேறினார், யார் எந்த வகுப்போடு நின்றார் என்னும் ஐந்து வினாக்களை மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். நாற்பது மாணவர் எழுதினால் நாற்பது குடும்பங்களின் வரலாறு வகுப்பறைக்கு வந்துவிடும். அவற்றைச் சொல்வதற்கு உரியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவோமாக.