நாணயம் அணிகலனான வரலாறு

1864இல் அமெரிக்கப் படையினர் நவஹோ மக்களைத் தாயகத்தினின்று பெயர்த்து, நெடுவழி நடத்திச் சென்று, பொஸ்கே ரெடொண்டோவில் சிறைவைத்தனர். 1868இல் உடன்படிக்கையின்பேரில் ஊர் மீண்டோர் பெரும்பாலும் யாவும் இழந்தவர்களே. ஆயினும் மெக்சிகோக் கொல்லரிடமிருந்து வந்த வெள்ளித்தொழில் அவர்களிடையே வேரூன்றியது. அமெரிக்க, மெக்சிகோ நாணயங்களை உருக்கி வளையலும் ஆரமும் சமைத்தனர். 1870களில் நவஹோ கொல்லர் அத்சிதி சோன், அண்டை இனத்தவரான ஜூனி மக்களுள் லான்யாதே என்பவருக்கு இக்கலையைக் கற்பித்தார். பின்னர் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லும் வெள்ளியில் பதிந்தது. நவஹோ அணியில் வெள்ளி மேலோங்கும். ஜூனி அணியில் நுண்கற்கள் மிளிரும்.

இப்புகழே போலிகளையும் பெருக்கிற்று. பிறர் செய்தவற்றைப் பழங்குடியினர் படைப்பென விற்பதை அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடுங்குற்றமாக்கியது. வென்றவரின் நாணயத்தையே தம் அழகாக்கிய மக்கள் இவர்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர் கைவண்ணத்தையும் பறிகொடுக்கலாமோ? அணியை வியக்கும் நாம், செய்த கையையும் வினவக் கடமைப்பட்டுள்ளோம்.